குதிரைக்கு இருமல், மூக்கில் சளி. அவசரம்!

ஏரிக்கரைத் தம்பி: சவாரிக் குதிரை இருமுகிறது. மஞ்சள் சளி. தீனி தொடவில்லை. மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து மிச்சம் இருக்கிறது, போடலாமா? சித்திரைச் சுற்றுலா சீசன் வேறு வருகிறது.

ராகலை மாமா: வயசு என்ன? காய்ச்சல் எவ்வளவு? சளி ஒரு மூக்கிலா, இரண்டிலுமா?

ஹட்டன் சுப்பு: நுவரெலியாப் பனிதான், வேறென்ன. சாக்குப் போர்த்தி, இஞ்சி கொத்தமல்லி அவித்துப் போத்தலால் வாயில் ஊற்றுங்கள். தோட்டத்துத் துரை குதிரைக்குத் தாத்தா இப்படித்தான் செய்தாராம்.

பழைய லாயம்: சுப்பு, துரையும் போய்விட்டார், குதிரையும் போய்விட்டது. இருமுகிற குதிரைக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே நுரையீரலுக்குப் போகும். இது அரிச்சுவடி. தம்பி, பின்பக்கம் தெர்மோமீட்டர் வையுங்கள், 38.5 செல்சியஸுக்கு மேல் என்றால் காய்ச்சல். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சுதான் இருக்க வேண்டும். விலாவைப் பார்த்து எண்ணத் தெரியும்தானே?

தலவாக்கலை அக்கா: தாடைக்குக் கீழே கட்டி இருக்கிறதா தம்பி? இருந்தால் ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற குதிரைத் தொற்று நோயாக இருக்கலாம், மற்றக் குதிரைக்கும் ஒட்டும். தண்ணி வாளியைப் பிரித்து வையுங்கள்.

ஹட்டன் சுப்பு: நாள் முழுக்க ஏரிக்கரையில் பிள்ளைகளைச் சுமந்தால் வராமல் என்ன செய்யும்? இந்தச் சவாரியையே நிறுத்த வேண்டும்.

ராகலை மாமா: நிறுத்தினால் அவன் வீட்டு அடுப்பை நீங்களா எரிப்பீர்கள்?

ஹட்டன் சுப்பு: குதிரை செத்தால் மட்டும் எரியுமா?

ஏரிக்கரைத் தம்பி: 39.6. இரண்டு மூக்கிலும். கட்டி இல்லை. போன கிழமை புத்தளத்திலிருந்து லொறியில் கொண்டு வந்தோம். வழியில் லொறி பழுதாகி ராத்திரி முழுக்க நின்றது. விழாமல் இருக்கத் தலையை உயர்த்திக் கட்டியிருந்தோம்.

பழைய லாயம்: இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் சளி வெளியே வடியும். மணிக்கணக்காக உயர்த்திக் கட்டினால், தொண்டையில் சும்மா கிடக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமி உள்ளே இறங்கிப் பெருகும். அப்புறம் நுரையீரலைச் சுற்றி நீர் கட்டும். முன்னங்காலை அகட்டி நிற்கிறதா, விலாவைத் தொட்டால் முனகுகிறதா, மூச்சு நாறுகிறதா என்று பாருங்கள். மாட்டு ஊசியைத் தொடாதீர்கள். அதில் லின்கோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் இருந்தால் குடலைக் குலைத்துக் குதிரையையே கொன்றுவிடும். இன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

தலவாக்கலை அக்கா: தீனியைத் தரையில் வையுங்கள், தலை குனியட்டும். வைக்கோலை நனைத்துப் போடுங்கள், தூசி ஆகாது. பேராதனை மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதாக இருந்தாலும் டொக்டரைக் கேட்காமல் மறுபடி லொறியில் ஏற்றாதீர்கள்.

ஹட்டன் சுப்பு: கசாயத்தை நீராவியாகக் காட்டலாமே?

பழைய லாயம்: சுப்பு!

ஏரிக்கரைத் தம்பி: டொக்டர் வந்து ஸ்கேன் பார்த்தார். நெஞ்சில் நீர். குழாய் போட்டு எடுத்தார், ஊசி போகிறது. சீசனுக்கு விட முடியாதாம்.

ராகலை மாமா: காய்ச்சல் இறங்கியதா? தம்பி? வயசையும் இன்னும் சொல்லவில்லை.