புதுப்பிப்பு: யெஸ்டி பைக்கில் பெட்ரோல் வராத சிக்கல்

எட்டு கிலோமீட்டர் ஓடியதும் வண்டி திணறி நிற்கிறது, பத்து நிமிடம் ஓய்ந்தால் மறுபடி கிளம்புகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். காயில் (பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் தரும் சுருள்) சூடாகிறது என்றார்கள் பாதிப்பேர். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்று என்றார்கள் மீதிப்பேர். இரண்டு முறை கழற்றிக் கழுவினேன். பலனில்லை.

நேற்று கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் குழாயைப் பிடுங்கி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, டேங்கிலிருந்து பெட்ரோலைத் திறந்துவிடும் டேப்பைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். முதலில் நன்றாக ஊற்றியது. சில நிமிடங்களில் நூலாக இளைத்து, பிறகு சொட்டுச் சொட்டாக ஆனது. டேங்க் மூடியைத் திருகியதும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. பெட்ரோல் மறுபடி பாய்ந்தது!

குற்றவாளி நானேதான். மழைநீர் இறங்காமலிருக்கப் பழைய சைக்கிள் டியூபில் வெட்டி மூடிக்குள் வைத்த வாஷர், காற்றுத் துளையை மூடியிருந்தது. பெட்ரோல் இறங்கிய இடத்துக்குக் காற்று வராவிட்டால் வெற்றிடம் அதைப் பிடித்து நிறுத்திவிடும். வாஷரில் துளையிட்டேன். டேப்பின் சல்லடையில் படிந்திருந்த துருவையும் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன்.

யெஸ்டி மாதிரி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆயில் பெட்ரோலோடு கலந்தே வருவதால், பெட்ரோல் குறைந்தால் மசகும் குறையும். பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும்.

இன்று காலை நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன், ஒரு திணறல்கூட இல்லை. காயிலைக் குறை சொன்னவர்கள் பேச்சைக் கேட்டு வாங்கிய புதுக் காயில் பெட்டி பிரிக்காமலே இருக்கிறது.