வெஸ்ட் ஸ்ட்ரீட் பழைய போட்டோவும் இப்ப இருக்கிற தெருவும் ஒட்டவே மாட்டேங்குது, பிரைட்டன்காரங்க யாராவது சொல்லுங்க

உப்புக்காத்து:
எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துல பிரைட்டனுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. போன மாசம் பழைய சாமான் விக்கிற கடையில ஒரு டப்பா நிறைய போஸ்ட்கார்டு வாங்கினேன், அதுல ரெண்டு இந்த ஊரு. முதல் கார்டுல கிளாக் டவர், அதைத் தாண்டி வெஸ்ட் ஸ்ட்ரீட் கடல் வரைக்கும் இறங்குது. நான் தினமும் வேலைக்கு நடக்கிற வழி. கார்டைக் கையில வச்சுக்கிட்டு அதே இடத்துல போய் நின்னேன், டவர் அப்படியே இருக்கு, செயின்ட் பால்ஸ் சர்ச் கோபுரமும் தெரியுது, ஆனா போட்டோல தெரு ரொம்பக் குறுகலா இருக்கு. இது லென்ஸ் வித்தியாசமா, இல்ல நான் தப்பான இடத்துல நிக்கிறேனா? ரெண்டாவதுல பின்னாடி ரஸ்ஸல் ஸ்ட்ரீட்னு பென்சில்ல எழுதியிருக்கு, அரை நாள் சுத்தியும் அந்தத் தெரு கண்ணுலயே படல. வருஷம் எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னும் சொல்லுங்க, பழசு ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம்னு ஆல்பம் போட ஆசை.

பழைய நெகட்டிவ்:
லென்ஸ் எல்லாம் இல்லக்கா, நீங்க நின்ன இடம் சரிதான், தெருதான் நகர்ந்துடுச்சு. 1920கள் கடைசியிலயும் 1930கள்லயும் வெஸ்ட் ஸ்ட்ரீட்டை அகலப்படுத்த ஒரு பக்கத்துக் கட்டடங்களை வரிசையா இடிச்சுத் தள்ளிட்டாங்க, கார் பஸ் எல்லாம் பெருகின காலம் அது. வெஸ்டர்ன் ரோட்டுலயும் அதே சமயத்துல அதே கதைதான், அங்க இப்ப நிக்கிற பெரிய கடைக் கட்டடங்கள் நிறைய அப்ப எழுந்ததுதான். அதனால தெருவை விட்டுட்டு இடிபடாததைப் பிடிச்சு அளவெடுங்க. கிளாக் டவர் 1888ல வந்தது, சர்ச் அதுக்கும் முன்னாடி, இந்த ரெண்டும் கார்டுல எப்படி ஒண்ணுக்கொண்ணு தெரியுதோ அப்படித் தெரியுற வரைக்கும் நகர்ந்து பாருங்க. டவர் உச்சியில ஒரு கம்பியில பந்து இருக்கு பாத்தீங்களா, அது முன்னாடி மணிக்கு ஒரு தடவை ஏறி இறங்குமாம், கடற்கரையில சின்ன ரயில் விட்ட மேக்னஸ் வோல்க் பண்ணின வேலை. சத்தம் தாங்கலன்னு கொஞ்ச வருஷத்துலயே நிறுத்திட்டாங்க. நான் அந்தப் பக்கம் போறப்பல்லாம் ஒரு தடவை அண்ணாந்து பாத்துட்டுத்தான் போவேன்.

மாடி பஸ்:
ரஸ்ஸல் ஸ்ட்ரீட்டை நீங்க தேடவே வேண்டாம். அது சர்ச்சில் ஸ்கொயருக்கு அடியில போயிடுச்சு. ஷாப்பிங் சென்டருக்காக 1960கள்ல அந்தச் சுத்துவட்டாரத்தையே காலி பண்ணினாங்க, ஆர்ட்டிலரி ஸ்ட்ரீட்டும் அதோட போச்சு. 1968ல திறந்த அந்த சென்டரும் நிலைக்கல, அதை இடிச்சுட்டு 1998ல இப்ப இருக்கிறதைத் திறந்தாங்க. வீடும் சின்னச் சின்னக் கடையும் இருந்த தெருவை எடுத்துட்டுக் கட்டினது கிட்டத்தட்ட முப்பது வருஷம்தான் நின்னுருக்கு, எனக்கு அதுதான் மனசு ஆறவே மாட்டேங்குது. அந்தக் கார்டைப் பத்திரமா வச்சுக்கோங்க, வெயில் படற இடத்துல மாட்டிடாதீங்க.

அஞ்சல் பிரியன்:
வருஷத்துக்கு கார்டோட பின்பக்கத்தைத் திருப்புங்க. இங்கிலாந்துல 1902 வரைக்கும் பின்னாடி விலாசம் மட்டும்தான் எழுதலாம், சேதி எல்லாம் படத்து ஓரத்துல இடுக்கி இடுக்கி எழுதியிருப்பாங்க. நடுவுல கோடு போட்டு ரெண்டா பிரிச்சிருந்தா 1902க்கு அப்புறம். ஸ்டாம்ப்ல தாடி வச்ச ராஜாவோட தலை பச்சை அரை பென்னியில இருந்தா ஏழாம் எட்வர்டா இருக்கலாம், அவர் 1910ல இறந்துட்டார். ஆனா ஒண்ணு, முத்திரைத் தேதி கார்டு போட்ட நாளைத்தான் சொல்லும், படம் அதுக்குப் பல வருஷம் முன்னாடி எடுத்ததா இருக்கலாம், ஒரே படத்தைத் திருப்பித் திருப்பி அச்சடிப்பாங்க. இன்னொண்ணு, ஜேம்ஸ் கிரேங்கிற ஒருத்தர் சேர்த்து வச்ச பழைய பிரைட்டன் படங்களை, இந்த ஊர்ப் பழைய கட்டடங்களைக் காக்கிற ரீஜென்சி சொசைட்டி ஆன்லைன்ல போட்டிருக்காங்க, கிட்டத்தட்ட 7,500 படம். எந்த வீடு, எப்ப இடிச்சாங்கன்னு குறிப்பும் எழுதி வச்சிருக்கார். தெருப் பேரைப் போட்டுத் தேடுங்க, ராத்திரி தூக்கம் போயிடும். வீட்டு நம்பர் வாரியா யார் இருந்தாங்க, என்ன கடைன்னு பாக்கணும்னா ஃபால்மர்ல தி கீப் ஆவணக் காப்பகத்துக்குப் போனா பழைய டைரக்டரி பாக்கலாம்.

உப்புக்காத்து:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். கார்டுல நடுக்கோடு இருக்கு, ஸ்டாம்ப்பும் பச்சை, தாடியும் இருக்கு! இன்னைக்குக் காலையில திரும்பப் போனேன், டவரையும் சர்ச்சையும் பிடிச்சுக்கிட்டு நாலஞ்சு அடி தள்ளி நின்னதும் கச்சிதமா உக்காந்துடுச்சு. ரஸ்ஸல் ஸ்ட்ரீட்டுக்கு ஆல்பத்துல புதுப் படம் ஒட்டப் போறதில்ல, அந்தப் பக்கத்தை அப்படியே காலியா விடப் போறேன். சனிக்கிழமை தி கீப் போறேன், யாராவது வர்றீங்களா?