வடக்குத்தெரு சொந்தங்கள்

மகேஸ்வரி: மலேசியாவிலிருந்து இவர் யாருக்காவது போன் பண்ணினாரா? வியாழக்கிழமையிலிருந்து சுவிட்ச் ஆஃப். ராத்திரி இமிக்ரேஷன் ரெய்டு, லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள் என்று இவர் கூட ரூமில் இருக்கும் பையன் சொல்கிறான்

செல்வி அத்தை: ஐயோ மகேசு

பாலு: எங்கே வைத்திருக்கிறார்களாம்?

மகேஸ்வரி: சின்ன மாமா, புக்கிட் ஜாலில் டிப்போவாக இருக்கும் என்கிறான், இமிக்ரேஷன்காரர்கள் பிடித்தவர்களை அடைத்து வைக்கிற முகாம். நிச்சயமாகத் தெரியவில்லை

கணேசன்: மகேசு, பதறாதேம்மா. நான் மலேசியாவில் இருந்தவன், சொல்கிறேன். அந்த ஊர்ச் சட்டப்படி நம்மாட்களை 14 நாள் வரை கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமலே வைத்திருக்கலாம், அதனால் போன் வரவில்லை என்றதும் வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே. விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்று 2023 டிசம்பரில் திறந்துவிட்டார்களே, அதில்தானே போனான், வேலை பெர்மிட் போட்டுத் தருகிறேன் என்ற ஏஜென்ட் போடவே இல்லை. அது கூடுதலாகத் தங்கிய கேஸ். அபராதமோ ஜெயிலோ முடிந்தாலும் நேரே வீட்டுக்கு விட மாட்டார்கள், திரும்ப டிப்போதான். அவுட்பாஸும், அதாவது ஊர் திரும்பத் தருகிற தற்காலிகப் பயணச் சீட்டும், விமான டிக்கெட்டும் கைக்கு வந்தால்தான் வெளியே. டிக்கெட் காசு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். காசு புரட்ட முடியாத வீட்டு ஆள் உள்ளேயே கிடப்பான், அதுதான் கொடுமை

செந்தில்: நெல் கொள்முதல் நிலையத்துக்குச் சாக்கு வந்துவிட்டதா? ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நம் நெல்லைத் திருப்பிவிட்டார்கள்

செல்வி அத்தை: செந்தில், இப்போது இதுவா

செந்தில்: மேகம் கட்டி நிற்கிறது அத்தை. நெல் ரோட்டில் கிடக்கிறது

பாலு: எங்கள் வீட்டுப் படுதாவை எடுத்துக்கொள்

ரவி: அந்த ஏஜென்ட்டை வீட்டு வாசலுக்குக் கூட்டிவந்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்

பாலு: என்னைத்தானே சொல்கிறாய். அவனை அனுப்ப இரண்டு மா நிலம் ஒத்திக்குப் போனபோது நீயும்தான் கையெழுத்துப் போட்டாய்

ரவி: 2024இல் பொதுமன்னிப்பு விட்டார்களே, 500 ரிங்கிட் கட்டிவிட்டு வா என்று அண்ணனிடம் சொன்னேன். கடன் அடையாமல் எந்த முகத்தோடு வருவது என்றது

மகேஸ்வரி: சண்டை வேண்டாம். இந்த மாதம் பணம் வராது, கடன் வட்டி 5ஆம் தேதி. பாப்பா ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலுக்குத் தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு போனைச் சார்ஜில் போட்டு உட்கார்ந்திருந்தாள், அவளிடம் என்ன சொல்வது

செல்வி அத்தை: அவளை இங்கே அனுப்பு, இரண்டு நாள் இருக்கட்டும். அப்பாயிக்குத் தெரியுமா?

மகேஸ்வரி: தெரியாது

ரவி: சொல்ல வேண்டாம். சுகர் ஏறிவிடும்

பாலு: தெருவில் யாராவது சொன்னால்? நாமே சொல்வதுதான் சரி

கணேசன்: அதை அப்புறம் பேசுங்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கும், அதை நம்பாதீர்கள். பாஸ்போர்ட் நகல், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் எடுத்து வை. திங்கட்கிழமை திருவாரூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்க வேண்டும், அயலகத் தமிழர் நலத்துறைக்கு ஒன்று, கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்துக்கு ஒன்று, வெளியுறவுத் துறை மதாத் இணையதளத்திலும் பதிய வேண்டும். கேட்கிறவன் வீட்டு ஆளைத்தான் முதலில் தேடுவார்கள், ஏஜென்ட் கேட்கிற காசை மட்டும் கொடுத்துவிடாதே

மகேஸ்வரி: பாஸ்போர்ட் முதல் பக்கம் என் போனில் இருக்கிறது மாமா. நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் ஃபிளாஷ் பட்டுத் தெரியவில்லை

கணேசன்: அனுப்பு. இங்கே போடாதே, எனக்குத் தனியாக

பாலு: திங்கட்கிழமை நான் வண்டி எடுக்கிறேன்

ரவி: நானே கூட்டிப் போகிறேன்

செல்வி அத்தை: இரண்டு பேரும் போங்களேன்

செந்தில்: டிக்கெட்டுக்கு நெல் காசு வந்ததும் நான் போடுகிறேன் அண்ணி

மகேஸ்வரி: சரி தம்பி

செந்தில்: படுதா எங்கே இருக்கிறது சித்தப்பா?