சமைக்காத வீகன் உணவில் இனிப்புக்கு எதைச் சேர்க்கலாம்?

கேள்வி: வீகன் என்றால் உயிரினங்களிடமிருந்து வரும் எதுவும் கூடாதே, அதனால் தேனை விட்டாச்சு. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை சேர்க்கலாமா? எள்ளுருண்டைக்கும் எலுமிச்சை ஜூஸுக்கும் எது சரிவரும்?

பதில் 1: இரண்டுமே காய்ச்சி எடுப்பவை, அதனால் சமைக்காத உணவுக் கணக்கில் வராது. மேப்பிள் சிரப்பும் அப்படியே. ஒரு லிட்டருக்குச் சுமார் 40 லிட்டர் மரச்சாற்றைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். கருப்பட்டிக்கு முந்தைய நிலையான பதநீர் தாராளமாக ஆகும். ஆனால் இறக்கிய அன்று காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளித்துவிடும்.

பதில் 2: எனக்கு முதலிடம் பேரீச்சை விழுதுதான். கொட்டை நீக்கிய 200 கிராம் பழத்தை ஒவ்வொன்றாகப் பிளந்து பாருங்கள், உள்ளே பூச்சி இருக்கலாம். 150 மில்லி தண்ணீரில் 4 மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரோடு அரையுங்கள். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓடினால் விழுது சூடேறும், சமைக்காத உணவு 42 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பவர்களுக்கு அது ஒத்துவராது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். ஈரக் கரண்டி போட்டால் நுரைத்துப் புளிக்கும்.

எள்ளுருண்டைக்கு இந்த விழுது வேண்டாம், உருண்டை பிடிக்காது. ஊறவைக்காத மென்மையான பேரீச்சையை எள்ளோடு சேர்த்து இடியுங்கள்: ஒரு கப் எள்ளுக்கு முக்கால் கப் பழம்.

பதில் 3: ஜூஸுக்கு உலர்திராட்சை. இரண்டு கைப்பிடியை இரவு ஊறவைத்து, அரைத்து வடிகட்டுங்கள். சீனித்துளசி (ஸ்டீவியா) இலைப்பொடி என்றால் டம்ளருக்கு ஒரு சிட்டிகை போதும், கூடினால் கசக்கும்.

பதில் 2: ஒன்று விட்டுப்போச்சு. சர்க்கரை நோய் இருந்தால் பேரீச்சையும் அளவோடுதான்.