ரோம்மல் "நொறுக்கிய" 2-வது கவச டிவிஷன்

கரிசல்காட்டான்:
"1941 மார்ச் 24-ல் லிபியாவின் எல் அகெய்லாவில் கிளம்பிய ஜெர்மன் தளபதி ரோம்மல், ஏப்ரல் 8-க்குள் பிரிட்டனின் 2-வது கவச (டாங்கி) டிவிஷனை நொறுக்கித் தூளாக்கினார்"னு நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருக்கார். படிச்சதுல இருந்து தூக்கம் இல்ல. நொறுக்க அங்க என்னங்க இருந்துச்சு? 1-வது கவச பிரிகேட் கிரீஸுக்குப் போயாச்சு. மிஞ்சின 3-வது பிரிகேட்ல ஒரு ரெஜிமென்ட்டுக்கு இத்தாலிக்காரன்கிட்ட பிடிச்ச எம்13 டாங்கி. கொஞ்ச தூரம் ஓடினா ரேடியேட்டர் கொதிச்சு நின்னுக்கும். பெட்ரோல் போடலாம்னு பாலைவனத்துல இருந்த முசுஸுக்குப் போனா, அங்க இருந்த கிடங்கை நம்மாளுங்களே கொளுத்தி வெச்சிருக்காங்க!

பாலைநரி ரசிகன்:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், கடிச்சிட மாட்டேன். ரோம்மல் வர்றார்ங்கிற பயத்துலதானே கொளுத்தினாங்க? அப்ப அது யார் கணக்குல சேரும்?

கரிசல்காட்டான்:
கொளுத்தினப்ப முசுஸ்ல ஒரு ஜெர்மன் டாங்கிகூட கிடையாது. ஒண்ணுகூட. எதிர்வீட்டுக்காரன் இருமினான்னு நான் என் வைக்கோல்போரைக் கொளுத்தினா, அவன் வீரனா?

திண்ணைப்பேச்சு:
அது சரி, "நம்மாளுங்க"ன்னா யாரு? வெள்ளைக்காரன் எப்பத்துல இருந்து உங்களுக்கு நம்மாளு ஆனான்?

கரிசல்காட்டான்:
வந்துட்டாருப்பா. போன மாசம் டோப்ருக் துறைமுகப் பேச்சுல மூக்குடைஞ்சது இன்னும் ஆறல போல. வாய் தவறி வந்த வார்த்தை. முசுஸுக்கு பதில் சொல்லுங்க.

பழைய பட்டாளம்:
தம்பிகளா, பெட்ரோலை விட்டு கொஞ்சம் வெளிய வாங்க. அதே பாலைவனத்துல மெச்சிலிங்கிற இடத்துல நின்னவங்க யாருன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லையா? 3-வது இந்திய மோட்டார் பிரிகேட். பேருதான் மோட்டார், டாங்கி ஒண்ணுகூட இல்ல, லாரியும் துப்பாக்கியும்தான். டாங்கியை அடிக்கிற பீரங்கி ஆஸ்திரேலியாக்காரன் கொண்டு வந்தது. சரணடையச் சொல்லி ரோம்மல் ஆள் அனுப்பியும் முடியாதுன்னுட்டாங்க. 8-ம் தேதி விடியக்காலை முற்றுகையை உடைச்சுக்கிட்டு கொஞ்சப் பேர் வெளியேறினாங்க. அதுல 2-வது லான்சர்ஸ் ரெஜிமென்ட்டோட ஸ்குவாட்ரன் ஒண்ணை நடத்தினவர் மேஜர் ராஜேந்திரசிங்ஜி. அதுக்கு டி.எஸ்.ஓ. பதக்கம் வாங்கினார். பின்னால நம்ம ராணுவத் தளபதியே ஆனார்.

பாலைநரி ரசிகன்:
ஐயா, வணக்கம். ஆனா டிவிஷன் தளபதி கேம்பியர்-பேரி அதே மெச்சிலிலதான் பிடிபட்டார். மூணாம் கவச பிரிகேட் தளபதி ரிமிங்டனும் பிடிபட்டார். பிரிட்டிஷ் ஜெனரல்கள் நீமும் ஓ'கானரும் 6-ம் தேதி ராத்திரியே மாட்டியாச்சு. மே மாசம் டிவிஷனையே கலைச்சுட்டாங்க. இதுக்குப் பேர் நொறுக்கல் இல்லாம சுற்றுலாவா?

கரிசல்காட்டான்:
தளபதியைப் பிடிச்சது வேற, டாங்கியை நொறுக்கினது வேற. டாங்கிகளை நொறுக்கினது மணலும் தேஞ்ச செயினும் முசுஸ்ல எரிஞ்ச பெட்ரோலும். நாலாவது தடவையா சொல்றேன்.

திண்ணைப்பேச்சு:
மூணாவது தடவை. எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.

மணல்மேட்டு மைனர்:
ரோம்மல் தொப்பி மேல மாட்டியிருக்கற கண்ணாடியே மெச்சிலில கிடைச்ச பிரிட்டிஷ் சரக்குதான். மம்முத்னு பேர் வெச்ச கட்டளை வண்டிகளும் அங்க பிடிச்சதுதான். ஒண்ணுக்கு மாக்ஸ், இன்னொண்ணுக்கு மோரிட்ஸ்னு செல்லப்பேர் வேற. ஜெர்மன் தொழில்நுட்பத்தைப் பத்தி இங்க பக்கம் பக்கமா எழுதினவங்க எல்லாம் எங்க?

பாலைநரி ரசிகன்:
ஜெயிச்சவன் தோத்தவன் வண்டில ஏறுவான். அதுல என்ன கிண்டல்? உங்க கேலிக்கு எல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரம் இல்ல.

மணல்மேட்டு மைனர்:
நேரம் இல்லாதவர் ராத்திரி ஒண்ணே காலுக்கு பதில் போடறார்.

பழைய பட்டாளம்:
18-வது குதிரைப்படையைப் பத்தி யாராவது கேட்பீங்கன்னு பார்த்தேன். அதே இந்திய மோட்டார் பிரிகேட்தான், பிரிஞ்சு போய் டோப்ருக் முற்றுகைக்குள்ள இருந்தாங்க. சரி, பெட்ரோல் பேசுங்க.

கரிசல்காட்டான்:
ஐயா கோவிச்சுக்காதீங்க, அதையும் பேசுவோம். முதல்ல ரசிகர் ஒரே ஒரு வரி எழுதட்டும்: முசுஸ் கிடங்குக்குத் தீ வெச்சது எந்த ஜெர்மன்?

பாலைநரி ரசிகன்:
எரிஞ்சதுக்கு யார் காரணம்னு நான் ஏற்கெனவே எழுதிட்டேன். மேல போய்ப் படிங்க.

கரிசல்காட்டான்:
படிச்சேன். அதுல ஜெர்மன் ஒருத்தனும் இல்ல.