கூரியரில் போன காந்தி 1948 தபால்தலை செட் வந்து சேரவில்லை, நஷ்டஈடு கிடைக்குமா?

மின்ட்_முருகன்
அவசரம். காந்தி 1948 செட், பத்து ரூபாய்த் தலை உட்பட நாலும் மின்ட் (பயன்படுத்தாத புதுத் தலைகள்), புனேயில் ஒருவருக்கு விற்றேன். பார்சல் சேரவே இல்லை. வாங்கியவர் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி தினமும் போன் செய்கிறார். எங்கே புகார் கொடுத்தால் முழுத் தொகையும் கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லவும்.

சேலம்_கவர்ஸ்
எதில் அனுப்பினீர்கள்? இன்சூர் உண்டா? டிராக்கிங் கடைசியாக என்ன காட்டுகிறது? எதுவுமே சொல்லாமல் முழுத் தொகை கேட்டால் எப்படி?

ஹிஞ்ச்லெஸ்
ஸ்பீட் போஸ்ட் என்றால் ஆசையை விடுங்கள். தொலைந்தால் கட்டணத்தில் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அது. அறுபது ரூபாய் கட்டியிருந்தால் நூற்றிருபது. இன்சூர் செய்திருந்தால்தான் வேறு கதை. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனாலும் முன்பு 1898 தபால் சட்டத்தின் 6-ஆம் பிரிவைத்தான் நீட்டினார்கள். அதற்குப் பதிலாக வந்த 2023 புதுச் சட்டத்திலும் அதே மாதிரிக் கவசம் இருக்கிறது.

தஞ்சை_டிக்கெட்
உள்ளே வேலை பார்க்கிற யாரோ எடுத்திருக்கிறார்கள், வேறென்ன? ஸ்டேஷனில் புகார் கொடுத்து ஒரு சி.எஸ்.ஆர் ரசீது வாங்குங்கள். போலீஸ் என்றதும் பார்சல் தானாகக் கிடைக்கும்.

சீனியர்_பிலாட்டலி
இழை தொடங்கும் முன் தேடிப் பார்க்கும் பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. இதே கேள்விக்கு எத்தனை முறைதான் எழுதுவது? முதலில், உங்களுடையது அசல்தானா? அந்தச் செட் சுவிஸ் நாட்டில் ஃபோட்டோகிரேவர் என்ற அச்சு முறையில் அச்சானது. பத்து ரூபாய்த் தலைக்குப் போலிகள் ஏராளம். நிபுணர் சான்றிதழ் இல்லாத தலைக்கு எந்த மதிப்பை வைத்து நஷ்டஈடு கேட்பீர்கள்? எங்கள் காலத்தில் இந்த மாதிரி சரக்கை நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

சேலம்_கவர்ஸ்
புனேக்கு நேரில் போனால் ரயில் டிக்கெட்டை யார் தருவது ஐயா?

மின்ட்_முருகன்
தனியார் கூரியர், பெயர் வேண்டாம். வழியில் ஒரு ஹப்புக்கு வந்ததோடு டிராக்கிங் நிற்கிறது. இன்சூர் இல்லை. ஸ்லிப்பில் 'டாக்குமென்ட்' என்று கவுன்டரில் இருந்த பையனே எழுதினான், மதிப்பு போடும் கட்டம் காலி. நூறு ரூபாய் தருகிறோம், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று மெயில் வந்திருக்கிறது.

ஹிஞ்ச்லெஸ்
தனியார் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தட்டியிருக்க மாட்டேன்.

கோர்ட்_வாசல்
அந்த நூறு ரூபாயில் கையை வைக்காதீர்கள். 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டால் கதை முடிந்தது.

ஸ்லிப்பின் பின்னால் பொடி எழுத்தில் 'எங்கள் பொறுப்பு இவ்வளவுதான்' என்று இருக்கும். 1996-இல் பாரதி நிட்டிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அப்படிப்பட்ட வரம்பு செல்லும் என்றது. ஆனால் அங்கே அனுப்பியவர் கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்து வாங்காத, எடுத்துச் சொல்லாத நிபந்தனை கட்டுப்படுத்தாது என்று சொன்ன நுகர்வோர் ஆணையங்களும் உண்டு. உங்கள் ஸ்லிப்பில் கையெழுத்து இருக்கிறதா, பாருங்கள்.

அடுத்து, 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டம். புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். கஸ்டமர் கேர் சாட்டை நம்பி அதைத் தவறவிடாதீர்கள்.

சீனியர்_பிலாட்டலி
அது லாரிக்காரர்களுக்கான சட்டம்.

கோர்ட்_வாசல்
வரையறையைப் படியுங்கள் சார். வீட்டுக்கு வீடு கொண்டுபோகிற கூரியர் ஏஜென்சியும் அதற்குள் வருகிறது. அரசுதான் வராது. ஆனால் மதிப்பு எழுதாவிட்டால் அதன் விதிகளிலும் கட்டணத்தில் பத்து மடங்குதான். அதனால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது நல்லது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் பதிவு செய்யுங்கள். நீங்கள் வியாபாரி, நுகர்வோர் இல்லை என்பார்கள். பிழைப்புக்காகச் சொந்தமாகச் செய்யும் தொழில் என்று வாதாடிப் பார்க்கலாம். விலைக்கு ஆதாரம், வாங்கியவர் போட்ட யூ.பி.ஐ ரசீதும் பேரம் பேசிய வாட்ஸ்அப்பும். தபால்தலை கேட்லாக் விலையைக் காட்டினால் சிரிப்பார்கள்.

தஞ்சை_டிக்கெட்
சி.எஸ்.ஆரும் போட்டு வையுங்கள்.

ஆல்பம்_ராணி
வாங்குகிறவள் பக்கத்திலிருந்து ஒன்று. கூரியர் தரும்போது தரட்டும், அவர் பணத்தை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

ஹிஞ்ச்லெஸ்
ஏன்? 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவில், கூரியரிடம் ஒப்படைத்தாலே வாங்கியவரிடம் ஒப்படைத்த மாதிரி. எங்கள் குழுவில் 'அனுப்பிய பிறகு பொறுப்பு வாங்குபவருடையது' என்றே எழுதி வைத்திருக்கிறோம்.

ஆல்பம்_ராணி
அதே பிரிவின் அடுத்த உட்பிரிவையும் படியுங்கள். சரக்கின் தன்மைக்கு ஏற்ற மாதிரி விற்பவர் ஏற்பாடு செய்யாமல் விட்டால், ஒப்படைத்ததாக ஏற்க முடியாது என்று வாங்கியவர் சொல்லலாம். பத்து ரூபாய் மின்ட்டை மதிப்பே எழுதாமல் அனுப்புவதுதான் ஏற்ற ஏற்பாடா?

ஹிஞ்ச்லெஸ்
இன்சூருக்குத் தனியாகப் பணம் கேட்டால் நீங்கள்தானே 'சாதாரணமாகவே அனுப்புங்க' என்கிறீர்கள்!

ஆல்பம்_ராணி
நான் ஒருநாளும் கேட்டதில்லை. விலையிலேயே சேர்த்துச் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது?

சீனியர்_பிலாட்டலி
சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். அசலா என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

மின்ட்_முருகன்
ஸ்லிப்பில் என் கையெழுத்து இல்லை. நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். கூரியரின் ஏரியா மேனேஜர் கூப்பிட்டு, தொகையைக் கூட்டித் தரலாம் என்று பேசுகிறார், எவ்வளவு என்று சொல்லவில்லை. புனேக்காரருக்குப் பாதிப் பணம் போட்டுவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

ஆல்பம்_ராணி
பாதி எந்தக் கணக்கில்?