புதுப்பிப்பு: வைஃபையில் மட்டும் ரம்மி விளம்பரம் வந்த சிக்கல் தீர்ந்தது (ரவுட்டர் டிஎன்எஸ்)

கிருஷ்ணகிரி வீட்டு வைஃபையில் இணைந்தால், சில தளங்களைத் திறக்கும்போது மூன்று போனும் லேப்டாப்பும் ரம்மி விளம்பரத்துக்குத் தாவுகின்றன, மொபைல் டேட்டாவில் அப்படி இல்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஆன்டிவைரஸ் ஓட்டியதில் ஒன்றும் சிக்கவில்லை. அப்பா போனை ஃபேக்டரி ரீசெட் செய்தும் பலனில்லை (வாட்ஸ்அப் படங்கள் போனதுதான் மிச்சம், இன்னும் திட்டு வாங்குகிறேன்). "எல்லாவற்றிலும் ஒரே கோளாறு என்றால் ரவுட்டரைப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கமான 192.168.1.1-க்குள் போய்ப் பார்த்தால், டிஹெச்சிபி பக்கத்தில் (வைஃபையில் இணையும் கருவிகளுக்கு நெட் முகவரிகளைக் கொடுக்கும் இடம்) யாருடையது என்றே தெரியாத ஒரு டிஎன்எஸ் முகவரி. தளத்தின் பெயரைச் சொன்னால் அது இருக்கும் இடத்தைக் காட்டுவதுதான் டிஎன்எஸ்; இது தவறான இடத்தைக் காட்டி விளம்பரத்துக்குத் திருப்பியிருக்கிறது. அட்மின் கடவுச்சொல் வாங்கிய நாள் முதல் 'அட்மின்'தான். ரிமோட் மேனேஜ்மென்ட்டும் (வெளியிலிருந்தே ரவுட்டர் செட்டிங்ஸை மாற்றும் வசதி) திறந்தே கிடந்தது.

பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டு ரீசெட் அடித்தேன். ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட், புதுக் கடவுச்சொல், ரிமோட்டை மூடுவது, டிஎன்எஸ்ஸுக்கு கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.1. அவ்வளவுதான்.

எதிர்பாராதது: ரீசெட்டில் பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் (நெட் கம்பெனியோடு இணைய ரவுட்டரில் போட வேண்டியவை) அழிந்துவிட்டன. அவற்றைத் தர வேண்டிய கேபிள் அண்ணன் காவேரிப்பட்டினத்தில் வேலையாக இருந்தார்; இரவு எட்டு மணி வரை நெட் இல்லை. முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், லேப்டாப் மூலையில் மட்டும் விளம்பரம் எட்டிப்பார்த்தது. அதற்கும் ரவுட்டருக்கும் சம்பந்தமில்லை. எப்போதோ ஒரு தளத்துக்குக் குரோமில் நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறேன். நீக்கியதும் நின்றது. ஐந்து நாளாகத் தொல்லை இல்லை.